முழு மனதோடு: தேவனைப் புத்தியாலும் நேசிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் நான் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலையில் வண்டிகள் வந்து நின்றதும் வியாபாரிகள் கிரேட்டுகளைச் சூழ்ந்துகொள்வார்கள். மேலே அடுக்கியிருக்கும் பழத்தை மட்டும் பார்த்து விலை சொல்லுகிறவர் ஒருவரும் கிடையாது. கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுப்பார்கள். காம்பைப் பார்ப்பார்கள், லேசாக அழுத்துவார்கள், வெடிப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வருகிறவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அந்தக் கூர்மையான புத்தியையும் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து பாயில் உட்காருகிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆராதனை என்றால் உள்ளம் உருக வேண்டும், கண் கலங்க வேண்டும், யோசிக்கிற வேலை வாரத்தின் மற்ற ஆறு நாளுக்கு என்று நினைத்திருந்தேன். அந்தப் புத்தியை உள்ளே கொண்டுவந்து கர்த்தருடைய பாதத்தில் வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இறையியல் படித்தவர்களுக்காக எழுதவில்லை. வேலைக்குப் போய் வந்து, இரவில் களைத்துப்போய், அரை மணி நேரம் மட்டும் மிச்சமிருக்கிற விசுவாசிகளுக்காக எழுதுகிறேன்.

கட்டளையைச் சரியாக வாசிப்பது

கற்பனைகளில் எது பிரதானமானது என்று ஒரு வேதபாரகன், அதாவது யூத வேதச் சட்டத்தைக் கற்றவன், கேட்டபோது இயேசு சொன்ன பதில் மாற்கு 12:30இல் இருக்கிறது: "உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழு மனதோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக." நம்மில் பலருக்கு இது மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதாலேயே ஒரு சொல்லைத் தவறவிடுகிறோம்.

தமிழில் "முழு மனதோடு" என்பது ஒரு வழக்கு. "முழு மனதோடு சம்மதிக்கிறேன்", "முழு மனதோடு கொடுத்தார்" என்கிறோம். தயக்கம் இல்லாமல், விருப்பத்தோடு என்று அதற்குப் பொருள். மனது என்றாலே நமக்கு உணர்ச்சிதான் முதலில் தோன்றும்: மனது வலிக்கிறது, மனது இளகுகிறது, மனதில் இடம் இல்லை. ஆகவே இந்த வசனத்தையும் "விருப்பத்தோடு அன்புகூரு" என்றே கேட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம். ஆனால் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல், ஒரு காரியத்தை ஊடுருவி யோசித்து விளங்கிக்கொள்ளும் ஆற்றலைக் குறிப்பது.

ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் உள்ளவர்கள் இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். தெலுங்கு வேதாகமத்தில் மாற்கு 12:30ஐத் திறந்தால், நாம் "முழு மனதோடும்" என்று வாசிக்கிற இடத்தில் "பூர்ண விவேகமுதோனு" என்று இருக்கும். விவேகம்! அதைக் கேட்டதும் எனக்கு வசனமே புதிதாகிவிட்டது. இரண்டு மொழி தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது பெரிய பாக்கியம். ஒரு மொழி மூடி வைத்ததை இன்னொரு மொழி திறந்து காட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். இயேசு எடுத்துச் சொன்ன இந்தக் கட்டளை முதலில் வருகிற உபாகமம் 6:5இல் இருதயம், ஆத்துமா, பலம் என்று மூன்றுதான் இருக்கின்றன. எபிரெயத்தில் இருதயம் என்ற சொல்லுக்குள்ளேயே யோசனையும் அடங்கியிருந்தது. அந்த அர்த்தம் ஒருவருக்கும் விட்டுப்போகாதபடி சுவிசேஷத்தில் அது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதே பகுதியின் முடிவில், அந்த வேதபாரகன் "விவேகமாய் உத்தரவு சொன்னதை" இயேசு கண்டு, நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல என்கிறார். அவன் அழுததையோ பாடியதையோ கண்டு அப்படிச் சொல்லவில்லை. யோசித்துப் பதில் சொன்னதைக் கண்டு சொன்னார்.

"மனந்திரும்புதல்" என்ற நம்முடைய சொல்லிலேயே மனம் இருக்கிறது. கிரேக்கத்திலும் அப்படியே. நினைக்கிற விதம் திரும்பாமல் கண்ணீர் மட்டும் வந்தால் அது பாதி வழிதான்.

நேரமும் நோட்டும்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாளில் இருபது நிமிடம், ஒரே இடம், ஒரு நோட்டு, ஒரு பேனா. செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். செல்போனில் வேதம் வாசிப்பது பாவம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு செய்தி வந்து விழுந்தால் புத்தி அதன் பின்னால் ஓடிவிடும், திரும்பி வர நேரமாகும். எனக்கு மண்டிக்குப் போவதற்கு முன் நேரம் கிடைக்காது. மதியம் கணக்கு முடிந்த பிறகு, காலி கிரேட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசிக்கிறேன். எந்த நேரம் என்பது முக்கியம் இல்லை, தினமும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம்.

பேனா எதற்கு? எழுதும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது நமக்கே தெரியவரும். வாசிக்கும்போது எல்லாம் விளங்கியது போலத்தான் இருக்கும்.

ஒரு வசனத்தை அதன் வீட்டில் போய்ப் பார்ப்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்லுவேன்.

வருடத்துக்கு ஒருமுறை வேதாகமம் முழுவதையும் வாசிப்பது நல்ல பழக்கம். மொத்தம் 1189 அதிகாரங்கள், தினம் மூன்று அல்லது நான்கு வாசித்தால் முடியும். ஆனால் அது தேசத்தின் மேல் பறந்து பார்ப்பது போன்றது. புத்தி வளர வேண்டுமானால் ஒரு ஊரில் இறங்கி நடக்கவும் வேண்டும். ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் அதிலேயே இருங்கள். பிலிப்பியர் நிருபம் நான்கு அதிகாரம், 104 வசனம். சத்தமாக வாசித்தாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாரம் தினமும் அதை முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாகக் கேள்வி கேளுங்கள். யார் யாருக்குச் சொன்னது? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? எந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை? இது உண்மையானால் என் வாழ்க்கையில் எது மாற வேண்டும்? கடைசிக் கேள்வியை முதலில் கேட்பதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தவறு.

எப்படி என்று ஒரு வசனத்தை வைத்தே காட்டுகிறேன். புத்தாண்டு இரவு ஆராதனையில், அந்த வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த அட்டை கையில் வந்தால், இந்த வருடம் கடன் அடையும், மகனுக்கு வேலை கிடைக்கும், நிலத் தகராறு முடியும் என்று சந்தோஷப்படுகிறோம்.

இப்போது முதல் கேள்வி. யார் யாருக்குச் சொன்னது? இது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி. எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. யூதாவின் ராஜாவாகிய எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு அது அனுப்பப்பட்டது. அந்தச் சிறையிருப்பு கி.மு. 597இல் நடந்தது. ஊரை இழந்து, ஆலயத்தைப் பிரிந்து, அந்நிய பாஷை பேசுகிறவர்கள் நடுவில் இருந்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது கேள்வி. முன்னும் பின்னும் என்ன? ஒரு வசனம் முன்னால் போங்கள். பத்தாம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. எழுபது வருடம் முடிந்த பிறகு உங்களைச் சந்திப்பேன் என்கிறார் கர்த்தர். இன்னும் மேலே போனால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. இதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்துக்குப் போனால் காரணம் தெரிகிறது. அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்லிவிட்டான். கேட்கிறவர்கள் எதிர்பார்த்ததையே சொன்னான். எரேமியாவின் கடிதம் இப்படிப்பட்ட பேச்சுக்கு எதிரானது. நாம் இந்த வசனத்தை அனனியாவின் குரலில் வாசித்துக்கொண்டிருந்தோம்!

நம் மாவட்டத்தில் இது விளங்காத குடும்பம் இருக்காது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போனவர்கள் எத்தனை பேர்! "இன்னும் இரண்டு வருடம்தான், ஊருக்குத் திரும்பிவிடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே, தகரக் கொட்டகையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருபது வருடம் ஓட்டினவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். பெட்டியைப் பிரி, செடி வை, பக்கத்து வீட்டாருக்காக ஜெபம் செய் என்பதுதான் அந்தக் கடிதம்.

இதை எங்கள் சிறிய குழுவில் வாசித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். மண்டியில் பழம் தரம் பிரிக்கிற ஒரு மூதாட்டி எங்களோடு உட்காருவார். எல்லாரும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாது. எழுபது வருடம் என்று நான் வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"எழுபது வருடமா? அப்படியானால் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட கிழவிகள் ஒருத்தியும் ஊருக்குத் திரும்பவில்லையா?"

"திரும்பியிருக்க முடியாது, ஆயா."

"பிறகு சமாதானம் என்று யாருக்குச் சொன்னார்?"

நாங்கள் ஐந்து பேரும் பேசவில்லை. அவரே சற்று நேரம் கழித்து, "பேரப்பிள்ளைகளுக்கு" என்றார். வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. அது நம் ஆயுசைவிடப் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத ஒருவர், வசனத்தைக் கவனித்துக் கேட்டதால் கண்டுபிடித்தது இது. புத்தியால் தேவனை நேசிப்பது படித்தவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால், நான் ஆயாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அழகானது, ஆனால் சில சொற்கள் இன்று வேறு பொருளில் வழங்குகின்றன. ரோமர் 12:2இல் "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று வருகிறது. பிரபஞ்சம் என்றால் இன்று பிள்ளைகள் நட்சத்திரங்களை நினைப்பார்கள். அங்கே குறிப்பிடப்படுவது இந்தக் காலத்தின் போக்கு. நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படிப்பட்ட சொற்களை எழுதிவையுங்கள். கத்தோலிக்க நண்பர்கள் வைத்திருக்கும் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

அசைபோடுவது

பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தியானத்தை விளக்க வேண்டியதில்லை. மேயும்போது அவசரமாக மேயும். பிறகு நிழலில் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, விழுங்கியதை மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும். நாமும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப நினைப்பதை அசைபோடுவது என்றுதான் சொல்லுகிறோம்.

முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வருகிற இடத்தில், எபிரெயச் சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் இதே சொல்தான். ஆகவே மனதைக் காலியாக்கிவிட்டு உட்காருவது வேதம் சொல்லுகிற தியானம் இல்லை. வாயில் வார்த்தை இருக்க வேண்டும்.

செய்முறை எளிது. ஒரு வரியை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை அழுத்தி, மெதுவாகச் சொல்லுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." முதலில் கர்த்தர் என்பதை அழுத்துங்கள்: முதலாளியோ வங்கியோ இல்லை, கர்த்தர். அடுத்து என்: ஊருக்கெல்லாம் மேய்ப்பர், ஆனால் என் பெயரும் அவருக்குத் தெரியும். அடுத்து மேய்ப்பர்: அப்படியானால் நான் ஆடு, வழி எனக்குத் தெரியாது. நான் இதை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் செய்கிறேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இறங்குவதற்குள் ஒரு வசனம் போதும். இரண்டாவது வசனத்துக்குப் போக ஆசை வரும், போகாதீர்கள்.

கேள்வியை ஒளித்து வைக்காதீர்கள்

இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வாலிபர் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி எழுந்து, "அண்ணா, உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையில் எத்தனை தூதர்கள் இருந்தார்கள்? மத்தேயு ஒருவர் என்கிறார், லூக்கா இரண்டு பேர் என்கிறார்" என்று கேட்டான். அவன் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "விசுவாசம் இருந்தால் இப்படிப்பட்ட கேள்வி வராது, தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் வேதாகமத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சில வாரங்களில் வருவதை நிறுத்திவிட்டான்.

அவன் போன பிறகுதான் நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 20. நான்கையும் ஒரே தாளில் நான்கு பத்தியாக எழுதினேன். மாற்கு ஒரு வாலிபனைச் சொல்லுகிறார், லூக்காவும் யோவானும் இரண்டு பேரைச் சொல்லுகிறார்கள். மத்தேயுவோ மாற்குவோ "ஒருவர் மட்டுமே" என்று சொல்லவில்லை, பேசின ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறார்கள். தொப்பூர் கணவாயில் நடந்த ஒரு விபத்தை நான்கு ஓட்டுநர்கள் வந்து சொன்னால், நான்கும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால்தான் நமக்குச் சந்தேகம் வரும். இந்தப் பதில் அந்தத் தம்பிக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்று தெரியாது. ஆனால் அவனோடு உட்கார்ந்து அந்தத் தாளை எழுதியிருக்க வேண்டியவன் நான்.

ஆகவே கேள்வி வரும்போது இதைச் செய்யுங்கள். அதை வந்த வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள், மென்மையாக்க வேண்டாம். அதைப் பற்றிய வேதப் பகுதிகளை எல்லாம் சேர்த்து முழுவதும் வாசியுங்கள். பிறகு இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவர் உங்களைவிட அதிகம் படித்தவராகவும் மற்றவர் உங்களைவிட அதிகம் கஷ்டப்பட்டவராகவும் இருக்கட்டும். ஒரு மாதத்தில் பதில் கிடைக்காவிட்டால், "இன்னும் தெரியவில்லை" என்று தேதி போட்டு எழுதிவிட்டு, ஜெபத்தை நிறுத்தாமல் மேலே போங்கள். பிறகு எப்போதாவது திரும்பி வந்து பாருங்கள். என் நோட்டில் பதினொன்று இருந்தன, நான்கு தீர்ந்திருக்கின்றன.

சிறைச்சாலையிலிருந்து யோவான்ஸ்நானன், வருகிறவர் நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று அத்தாட்சிகளை அடுக்கினார். கேள்வி கேட்ட அதே யோவானைப் பற்றித்தான், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரிய தீர்க்கதரிசி இல்லை என்று உடனே சொன்னார்.

கிரேட்டின் அடியில் கையை விடுங்கள்

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்ததினால்" நற்குணசாலிகள் என்று பெயர் பெற்றார்கள். அப்போஸ்தலனையே சோதித்துப் பார்த்தவர்களை வேதம் புகழுகிறது. நாம் வாட்ஸ்அப்பில் வருவதைக்கூடச் சோதிப்பதில்லை.

யோசுவாவின் நாளில் சூரியன் நின்றதை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். யோசுவாவின் காலத்தில் 23 மணி 20 நிமிடம், எசேக்கியாவின் காலத்தில் 40 நிமிடம், ஆக ஒரு நாள் குறைகிறது என்று கணக்கோடு வரும். 1970 வாக்கிலிருந்தே உலகம் சுற்றுகிற கதை இது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நாசாவே மறுத்துவிட்டது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஒரு பேரேட்டில் நூறு ரூபாய் குறைகிறது என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பேரேடு வேண்டும். காணாமல் போன நாளைக் கண்டுபிடிக்க, அந்தக் காலத்தில் வேறு யாரோ எழுதி வைத்த கணக்கு வேண்டும். அது எங்கே? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இருபது பேருக்கு அனுப்பிவிட்டேன்.

தேவனுக்கு நம்முடைய பொய் தேவையில்லை. "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்பது யாத்திராகமம் 23:1. ஒரு சாட்சியோ அற்புதச் செய்தியோ வந்தால், யார், எந்த ஊர், எப்போது, நேரில் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். தப்பாக அனுப்பியது தெரிந்தால், அனுப்பிய அத்தனை பேருக்கும் திருத்தம் அனுப்புங்கள். நான் அனுப்பினேன், இரண்டு பேர் என்மேல் கோபித்துக்கொண்டார்கள்.

அயலானையும் புத்தியோடு நேசிப்பது

ஜெபக்கூட்டத்துக்கு ஒரு அம்மா வருவார். முழங்கால் மடங்காது, முதுகு வளைந்துவிட்டது. முன்னோர் செய்த பாவம் என்று அவர் காதுபடவே சிலர் சொல்லியிருக்கிறார்கள். யோவான் 9இல் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இயேசு இரண்டையும் மறுத்தார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. சிறு வயதில் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் செயல்படத் தொடங்கியது.

அந்த அம்மாவுக்காக நாங்கள் வருடக்கணக்காக ஜெபித்தோம். வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டபோது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றார். குழாய்த் தண்ணீர் ருசியில்லை என்று அதைப் பாத்திரம் கழுவ வைத்திருந்தார். அவருடைய முதுகு நிமிரவில்லை. ஆனால் பேத்தி இப்போது குழாய்த் தண்ணீர் குடிக்கிறாள், அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறார். ஜெபத்தை நிறுத்தினோம் என்று நினைக்க வேண்டாம். இப்போது எதற்காக ஜெபிக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிகிறது.

வேலையிலும் இப்படியே. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்ற வசனம் என் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறது. விவசாயிக்குச் சேர வேண்டிய காசைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுவதும் புத்தியால் செய்கிற ஆராதனைதான். கமிஷன், சுமைகூலி, சாக்குக் கழிவு என்று வெட்டிய பிறகு என்ன மிச்சம் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே எழுதிக் காட்டுங்கள்.

தனியாக நடக்காதீர்கள்

ஓர் எச்சரிக்கை. கொஞ்சம் படித்ததும் பிரசங்கத்தில் தப்பு கண்டுபிடிக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று பவுல் எழுதியதை அப்போது திறந்து வாசியுங்கள். போதகரிடம் சந்தேகம் இருந்தால் ஆராதனை முடிந்து, தனியாக, "ஐயா, இந்த இடம் எனக்கு விளங்கவில்லை" என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள். அவருக்கும் வேலைப்பளு இருக்கிறது.

நான்கைந்து பேர் சேருங்கள். எல்லாரும் ஒரே வயதாக, ஒரே படிப்பாக, ஒரே சாதியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியானவர்கள் ஒரே இடத்தில்தான் இடறுவார்கள். யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், எழுதத் தெரியாதவர் முதலில் பேச வேண்டும். எங்கள் குழுவில் இந்த இரண்டும்தான் சட்டம்.

இந்த மாதம் ஆபகூக் எடுத்திருக்கிறோம். மூன்றே அதிகாரம், 56 வசனம். போன வாரம் தொடங்கினோம். மண்டியின் பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது வசனத்தை வாசித்தேன்: "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!"

தக்காளிக் கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"இது வேதத்திலேயே இருக்கிறதா?"

"இருக்கிறது, ஆயா."

"இத்தனை வருடமாக நான் மட்டும்தான் இப்படிக் கேட்கிறேன் என்று பயந்துகொண்டிருந்தேன்" என்றார். பிறகு, "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன்.